தர்க்கம் எதுவரை தாங்கும்?

‘லாஜிக் சரியாத்தானே இருக்கு, அப்புறம் முடிவு மட்டும் எப்படித் தப்பாகும்?’ பெங்களூரில் அலுவலக மீட்டிங்கிலும், அடுக்ககத்துப் பொதுக்குழுவிலும், பட்டிமன்ற மேடையிலும் இந்தக் கேள்வி ஒரே தொனியில் எழுகிறது. தாராளமாகத் தப்பாகும் என்பதுதான் நேரான பதில். ஏன் தப்பாகும், எந்த இடத்தில் தப்பாகும் என்று பார்த்துவிட்டால் தர்க்கத்தை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பது விளங்கிவிடும்.

தர்க்கம் ஒரே ஒரு உத்தரவாதம்தான் தருகிறது. முன்கூற்றுகள், அதாவது வாதம் தொடங்கும் வரிகள், எல்லாம் உண்மையாக இருந்து, வடிவமும் சரியாக இருந்தால், முடிவு பொய்யாக இருக்க முடியாது. அவ்வளவுதான். ‘பெங்களூரில் இருப்பதெல்லாம் கடல்மட்டத்தில் இருக்கிறது, அல்சூர் ஏரி பெங்களூரில் இருக்கிறது, ஆகவே அல்சூர் ஏரி கடல்மட்டத்தில் இருக்கிறது’ என்ற வாதத்தின் வடிவத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் வரியே பொய் என்பதால் முடிவுக்கு உத்தரவாதம் இல்லை; இங்கே முடிவும் பொய்.

இதற்கு நேர்மாறான வகைதான் ஆபத்தானது. ‘பெங்களூரில் இருப்பதெல்லாம் கர்நாடகத்தில் இருக்கும், லால்பாக் கர்நாடகத்தில் இருக்கிறது, ஆகவே லால்பாக் பெங்களூரில் இருக்கிறது.’ மூன்று வரியும் உண்மை. ஆனாலும் வாதம் தவறு. லால்பாக் இருக்கும் இடத்தில் மைசூர் அரண்மனையைப் போட்டுப் பார்த்தால் உடைந்துவிடும். முடிவு நமக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தால் அதற்குக் கொண்டுபோன வழி சரியா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே ‘மனிதத் தர்க்கம் நம்பத்தக்கதா’ என்பதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. விதிகள் நம்பத்தக்கவையா? அவற்றைக் கையாளும் மனிதர் நம்பத்தக்கவரா? முன்கூற்றுகள் எங்கிருந்து வருகின்றன? முதல் கேள்வியில் பெரிய சிக்கல் இல்லை. இரண்டாவதில் சிக்கல் உண்டு, மருந்தும் உண்டு. மூன்றாவதுதான் உண்மையான தலைவலி. அங்கே தர்க்க விதிகளுக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை.

மூளை விதியைக் கையாளும் விதம்

1966-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் வேசன் நான்கு அட்டைகளை வைத்து ஒரு சோதனையை அறிமுகப்படுத்தினார். நம் எழுத்தில் சொன்னால், மேசையில் அ, க, 4, 7 என்று நான்கு அட்டைகள் தெரிகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்பியே ஆகவேண்டும்? பெரும்பாலோர் அ, 4 என்கிறார்கள். சரியான விடை அ, 7. நான்கின் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதி மீறப்படாது. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தால்தான் மீறல். படித்தவர்களிடம் இதைக் கொடுத்தாலும் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் சரியாகச் சொல்கிறார்.

இதே கணக்கை நகரப் பேருந்துக்குள் கொண்டுபோனால் நிலைமை மாறிவிடுகிறது. 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில், கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்டும் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் இலவச டிக்கெட். நான்கு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கையில் இலவச டிக்கெட், ஒருவர் கையில் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட். மற்ற இருவரின் டிக்கெட் தெரியவில்லை, ஆதார் மட்டும் தெரிகிறது: ஒன்றில் சிவாஜிநகர் முகவரி, ஒன்றில் சேலம் முகவரி. செக்கிங் இன்ஸ்பெக்டர் யாரைப் பார்க்க வேண்டும்? இலவச டிக்கெட் வைத்திருப்பவரின் ஆதாரையும், சேலம் ஆதார் வைத்திருப்பவரின் டிக்கெட்டையும் என்று யாரும் தயங்காமல் சொல்வார்கள். சிவாஜிநகர்க்காரர் காசு கொடுத்து வாங்கியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அட்டைச் சோதனையின் அதே அமைப்புதான் இது. 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் இருவரும் மது அருந்தும் வயது விதியை வைத்து இப்படிச் செய்தபோது முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னார்கள்.

ஆக, மனிதருக்குத் தர்க்கம் வராது என்று சொல்ல முடியாது. ஏமாற்றுபவரைப் பிடிக்க வேண்டும் என்ற நிலையில் நன்றாகவே வருகிறது; வெறும் வடிவமாக நிற்கும்போது வழுக்குகிறது. அதைவிடக் கவலை தருவது 1983-இல் ஜொனாதன் எவன்ஸும் சகாக்களும் கண்டது. வடிவம் சரியாக இருந்து முடிவும் நம்பும்படி இருந்தால் 89 சதவீதம் பேர் ஏற்றார்கள். வடிவம் சரி, முடிவு நம்ப முடியாதது என்றால் 56 சதவீதம். வடிவம் தவறு, முடிவு நம்பும்படியானது என்றால் 71 சதவீதம். சரியான வாதத்தைவிடத் தவறான வாதம் அதிக ஓட்டு வாங்கியிருக்கிறது, முடிவு மனசுக்குப் பிடித்திருந்ததால்.

இதற்கு மருந்தாக நன்றாக வேலை செய்வது, கூடிப் பேசுவது. மோஷ்மன், கெய்ல் 1998-இல் நடத்திய ஆய்வில் வேசன் அட்டைச் சோதனையைத் தனியாகச் செய்தவர்களில் 9 சதவீதம்தான் சரி. ஐந்தாறு பேர் குழுவாக உட்கார்ந்து வாதாடியபோது 75 சதவீதக் குழுக்கள் சரியான விடைக்கு வந்தன. அடுத்தவர் வாதத்தில் ஓட்டை தேடும் கண் நம் வாதத்தில் ஓட்டை தேடுவதில்லை. குழுவில் ஒவ்வொருவரும் மற்றவருக்கு அந்தக் கண்ணைக் கொடுக்கிறார்கள். ஆனால் பேச்சு எப்படிப்பட்டது என்பது முக்கியம். இந்தியத் தத்துவத்தில் தர்க்கத்தை ஆராய்ந்த நியாய மரபு இதைப் பழங்காலத்திலேயே பிரித்து வைத்தது: உண்மை தெரிய வேண்டிப் பேசுவது வாதம், ஜெயிக்கப் பேசுவது சல்பம், தனக்கென்று ஒரு நிலை இல்லாமல் எதிராளியை உடைக்க மட்டும் பேசுவது விதண்டை. பட்டிமன்றம் இரண்டாவது வகை. மேடைக்கு அது அழகு. அடுக்ககத்துத் தண்ணீர்ப் பிரச்சினைக்கு உதவாது.

கணித மேதைகளும் இதற்கு விலக்கல்ல. எந்த வரைபடத்தையும் பக்கத்துப் பக்க நாடுகள் ஒரே நிறமாகாமல் நான்கு நிறத்தில் தீட்டலாம் என்பதற்கு ஆல்ஃபிரட் கெம்ப் 1879-இல் நிரூபணம் வெளியிட்டார். பதினொரு ஆண்டுகள் அது சரியென்றே நின்றது. 1890-இல் பெர்சி ஹீவுட் ஓட்டையைக் காட்டினார்; அதே முறையை வைத்தே ஐந்து நிறம் போதும் என்பதை நிறுவவும் செய்தார். நான்கு நிறத்துக்கான நிரூபணம் 1976-இல் அப்பெல், ஹாக்கன் இருவராலும் கணினியின் துணையோடுதான் வந்தது. அந்தக் கணினி வேலையை எப்படி நம்புவது என்ற சந்தேகத்துக்காக, 2005-இல் ஜார்ஜ் கோந்தியே ஒவ்வொரு படியையும் இன்னொரு சரிபார்ப்பு மென்பொருளில் ஓட்டிக் காட்டினார். பிழை செய்ததும் மனிதத் தர்க்கம், பிடித்ததும் அதுதான். நடுவில் தேவைப்பட்டது எழுதி வைத்த படிகளும், அவற்றைக் குறை தேடிப் படிக்க இன்னொரு ஆளும், பொறுமையும்.

தேங்காய், நான்கு கம்பி, ஆயிரம் அடி

முன்கூற்றுகளின் பிரச்சினையைப் பெங்களூரில் பார்க்க வேண்டுமென்றால் போர்வெல் போடும் இடத்துக்குப் போகவேண்டும். லால்பாக்கில் வெளியே தெரிகிற பாறை ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழமையான நைஸ் (gneiss) என்ற கெட்டிப் பாறை. ஊரின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது இந்த வகைதான். மணல் பூமி போல எங்கும் பரவலாகத் தண்ணீர் நிற்காது. மேலே உள்ள சிதைந்த அடுக்கிலும், கீழே பாறையின் வெடிப்புகளிலும்தான் இருக்கும். ஆறரை இஞ்ச் துளை ஒரு வெடிப்பை வெட்டினால் தண்ணீர். பத்தடி தள்ளிப் போட்டால் வெறும் வெள்ளைத் தூள். பல இடங்களில் ஆயிரம் அடியைத் தாண்டுகிறார்கள். ரிக் வண்டி அடிக்கணக்கில் காசு வாங்குகிறது, ஆழம் போகப் போக அடிக்கு ரேட் ஏறுகிறது. இவ்வளவு பணம் போகும் இடத்தில் ‘பாயிண்ட் பார்ப்பவர்’ வருகிறார். உள்ளங்கையில் படுக்க வைத்த தேங்காயோடு மனையில் நடக்கிறார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நிற்கிறது. அங்கே சுண்ணாம்பில் குறி.

‘இவர் பார்த்துக் கொடுத்த இடத்திலெல்லாம் தண்ணி வந்திருக்கு சார்’ என்பதுதான் வாதம். இந்த வாதத்துக்கு நான்கு எண்கள் வேண்டும், நம்மிடம் இருப்பது ஒன்று. வைத்துக்கொள்வோம்: ஒரு லேஅவுட்டில் 100 போர்வெல். பாயிண்ட் பார்த்துப் போட்டது 80, அதில் 60-இல் தண்ணீர். பார்க்காமல் போட்டது 20, அதில் 15-இல் தண்ணீர். இரண்டிலும் முக்கால் பங்குதான். தேங்காயால் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் எல்லோர் வாயிலும் உலவுவது அந்த 60 மட்டும். பார்த்தும் வராத 20-ஐ யாரும் சொல்வதில்லை. பார்க்காமலே வந்த 15-ஐ யாரும் எண்ணுவதில்லை.

இன்னொரு நழுவல் துளை போடும்போதே நடக்கிறது. ‘முந்நூறு அடியில் ரெண்டு இஞ்ச் வரும்’ என்று சொல்லியிருப்பார். முந்நூறில் ஈரம்கூட இல்லை. ‘இன்னும் நூறு அடி போங்க.’ நானூறு. ‘பாறை மாறுது, இன்னும் கொஞ்சம்.’ எழுநூற்றைம்பதில் தூள் சேறாக மாறி அரை இஞ்ச் தண்ணீர் மேலே வருகிறது. பாயிண்ட் பலித்தது என்று கணக்கு எழுதப்படுகிறது. எந்த ஆழத்தில் எவ்வளவு வந்தாலும் சரி என்றால் அந்தக் கூற்று பொய்யாவதற்கு வழியே இல்லை. பொய்யாக வழியில்லாத கூற்று போர் போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்க உதவாது.

சோதிக்க நினைப்பவர்கள் பணம் செலவழிக்காமல் மூன்று காரியம் செய்யலாம். ரிக் வண்டி வருவதற்கு முந்தைய நாள், எத்தனை அடியிலிருந்து எத்தனை அடிக்குள், குறைந்தது எத்தனை இஞ்ச் என்று அவரையே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வது. தண்ணீர் ‘வராத’ இடம் ஒன்றையும் அதே மனையில் காட்டச் சொல்வது. குறியை அழித்துவிட்டு, கண்ணைக் கட்டி, வேறு வேறு மூலையிலிருந்து பத்து முறை நடக்கச் சொல்லி, தேங்காய் ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் எழுகிறது என்று டேப் வைத்து அளப்பது. மூன்றாவதுதான் மிகப் பயனுள்ளது. பத்து முறையும் பத்து இடம் என்றால் தேங்காய் தரையடியில் எதையும் காட்டவில்லை, நடப்பவரின் எதிர்பார்ப்பைக் காட்டுகிறது.

கருவியோடு வரும் நிலவியல் நிபுணரிடமும் இதே கண்டிப்போடு பேசவேண்டும். அவர் நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் நட்டு, வெளிக்கம்பி இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளுக்கு இடையில் மின்னழுத்தத்தை அளக்கிறார். வெளிக்கம்பிகளின் இடைவெளியை அகட்ட அகட்ட ஆழத்து நிலை தெரிகிறது. வெடிப்பில்லாத பாறைக்கு மின்தடை மிக அதிகம், தண்ணீர் நின்ற வெடிப்புக்குக் குறைவு. ஆகவே தடை குறைந்த இடத்தில் தண்ணீர் என்கிறார். தேங்காயைவிட நூறு மடங்கு மேலான முறை, சந்தேகமில்லை. ஆனால் அந்த ‘ஆகவே’ தர்க்கப்படி செல்லாது. களிமண்ணுக்கும் தடை குறைவுதான். தண்ணீர் இருந்தால் தடை குறையும் என்பதிலிருந்து, தடை குறைந்தால் தண்ணீர் இருக்கும் என்பது வராது. லால்பாக் வாதத்தில் இருந்த அதே ஓட்டை இது. நல்ல நிபுணர் பக்கத்துப் போர்களின் ஆழத்தையும், மேல்மண் சரியாமல் தடுக்கும் கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது என்பதையும் கேட்டுக் களிமண்ணைக் கழித்த பிறகே இடம் சொல்வார். கேட்காதவரின் அறிக்கையை அவ்வளவு எடை கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை.

ஏதுப்போலி

இந்த ஓட்டைக்குத் தமிழில் பெயர் இருக்கிறது என்பது நம்மில் பலர் பள்ளியில் தவறவிட்ட சேதி. மணிமேகலையின் 29-ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அனுமானத்தின் உறுப்புகளையும் அதன் போலிகளையும் வகைபிரித்துச் சொல்கிறார். பக்கப்போலி, அதாவது நிறுவ வந்த கூற்றிலேயே உள்ள பிழை, ஒன்பது. ஏதுப்போலி, அதாவது காரணம் போலத் தோன்றும் பிழை, மூன்று வகை: அசித்தம் (காரணமே உறுதிப்படாதது), அநைகாந்திகம் (ஒரு பக்கத்தையும் உறுதியாகச் சாதிக்காதது), விருத்தம் (எதிரானதையே சாதிப்பது). அநைகாந்திகத்தில் முதலாவது, சொன்ன காரணம் சாதிக்க வேண்டிய பொருளுக்கும் அதற்கு எதிரானதற்கும் பொதுவாக இருப்பது. ‘ஒலி நிலையற்றது, அறியப்படுவதால்’ என்பது அங்கே தரப்படும் எடுத்துக்காட்டு. நிலையான பொருளும் அறியப்படுகிறதே, ஆகவே அந்தக் காரணம் எதையும் சாதிக்காது. தண்ணீருக்கும் களிமண்ணுக்கும் பொதுவான குறைந்த மின்தடை அச்சாக இந்த இனம்தான்.

அசித்தத்தில் வரும் எடுத்துக்காட்டு இன்னும் நெருக்கமானது. தெரிவது ஆவியா பனியா என்ற ஐயம் தீராதபோதே, அதைப் புகை என்று கொண்டு, நெருப்பு உண்டு என்று துணிவது. டிசம்பர் விடியலில் நந்தி மலையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அடுக்களையைச் சாட்சி வைத்து ‘புகை இருந்தால் நெருப்பு இருக்கும்’ என்று நிறுவிய விதி அப்படியே இருக்கிறது. கெட்டது விதி அல்ல, கண்ணில் பட்டதற்கு வைத்த பெயர். இன்றைக்கு வாட்ஸப்பில் வரும் ‘ஆதாரங்கள்’ பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சாய்கின்றன. படத்தில் இருப்பது சொல்லப்படும் ஊரா, சொல்லப்படும் ஆண்டா என்பது தீராமலே அதன்மேல் நீண்ட தர்க்கம் எழுப்பப்படுகிறது.

ஒரே தர்க்கம், இரண்டு கோள்

முன்கூற்றைச் சரிபார்த்து, வடிவத்தையும் சரிபார்த்து, கணக்கில் உலகிலேயே தேர்ந்த ஆளையும் வைத்தால் போதுமா? பிரெஞ்சு வானியலாளர் உர்பேன் லெவெரியேயின் கதை போதாது என்கிறது. 1781-இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ், நியூட்டன் விதிப்படி போக வேண்டிய பாதையில் போகவில்லை. லெவெரியே, அதை இழுக்கும் இன்னொரு கோள் வெளியே இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, அது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் யோஹான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது.

புதன் கோளின் பாதையிலும் ஒரு பிசகு இருந்தது. சூரியனுக்கு அண்மையான புள்ளி ஒவ்வொரு நூற்றாண்டும் கணக்கைவிடச் சற்று அதிகமாக நகர்ந்தது. 1859-இல் லெவெரியே அதே வழியில் யோசித்தார்: சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே கண்ணில் படாத பொருள் ஏதோ இருக்கிறது. வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. பார்த்தோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அப்படி ஒரு கோள் இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை, அதாவது ஒரு டிகிரியின் 3,600-இல் 43 பங்கு, ஏன் கூடுதலாக நகர்கிறது என்பதை 1915 நவம்பரில் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் விளக்கியது. அங்கே குறைபட்டிருந்தது நியூட்டனின் விதிதான்.

இரண்டு முறையும் தர்க்கம் சொன்னது ஒன்றே: நியூட்டன் விதி, தெரிந்த கோள்களின் பட்டியல், அளவீடுகள் என்ற மூன்றும் சேர்ந்த கட்டில் எங்கோ தவறு இருக்கிறது. அது முழுக்க நம்பத்தக்க செய்தி. எந்த உருப்படி தவறு என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வானத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. தர்க்கத்தின் பெரும்பலம் இங்கே இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். ‘இவை எல்லாம் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது’ என்று அது சொல்லும்போது அதை மறுக்க வழியில்லை. ‘ஆகவே இதுதான் உண்மை’ என்று நாம் அதன் வாயில் போடும்போதுதான் வல்கன் பிறக்கிறது.

அளவையை, அதாவது ஒன்றை அறிய உதவும் வழியை, அளப்பது எது என்ற பழைய கேள்வியும் உண்டு. அளவைகளால் பொருள்கள் நிறுவப்படும் என்றால் அளவைகளை நிறுவுவது எது என்று பௌத்தத் தத்துவஞானி நாகார்ச்சுனர் கேட்டார். நியாய சூத்திரம் தராசைக் காட்டிப் பதில் சொல்கிறது: தராசால் பொன்னை நிறுக்கிறோம், தராசின் மேலேயே சந்தேகம் வந்தால், எடை தெரிந்த பொன்னை வைத்துத் தராசைச் சோதிக்கிறோம். முழுமுதல் அத்தாட்சி என்று எதுவும் இல்லை, ஆனால் ஒவ்வொன்றையும் மற்றொன்றால் சோதிக்க முடிகிறது. 1931-இல் தர்க்கவியலாளர் கர்ட் கேடல் நிறுவியதைத் ‘தர்க்கம் தோற்றது’ என்று இந்த இடத்தில் இழுப்பவர்கள் உண்டு. அவர் காட்டியது, முரண்பாடு இல்லாத, எண்கணிதத்தை உள்ளடக்கிய, விதிகளை இயந்திர முறையில் வரிசைப்படுத்தக்கூடிய எந்த அமைப்பிலும் நிரூபிக்கவும் முடியாத, மறுக்கவும் முடியாத கூற்றுகள் இருக்கும் என்பது. அதைக் காட்டியதே தர்க்கம்தான். ஏற்கெனவே நிரூபித்த எதுவும் அதனால் பொய்யாகவில்லை.

வேலையாகச் செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள்

பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு பக்கம் சிப் வடிவமைப்பு அலுவலகங்களில் தர்க்க நிரூபணத்தையே தினசரி வேலையாகச் செய்யும் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். 1994-இல் இன்டெலின் பென்டியம் சிப்பில் வகுத்தல் அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டதால், 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டிய இடத்தில் 1.33374 வந்தது. 47.5 கோடி டாலர் செலவு. மாதிரிக்குச் சில லட்சம் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பது போதாது, எல்லா உள்ளீட்டுக்கும் சேர்த்து நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணம் தொழிலில் வேரூன்றியதில் அந்தச் சம்பவத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஃபார்மல் வெரிஃபிகேஷன் என்பது அதுதான்.

‘ரெக்வெஸ்ட் வந்தால் மூன்று கிளாக் சைக்கிளுக்குள் கிராண்ட் வர வேண்டும்’ என்று ஒரு பண்பை, அதாவது சிப் எப்போதும் காக்க வேண்டிய விதியை, எழுதி ஓட்டுகிறார்கள். சிப்பின் ஒரு பகுதி அனுமதி கேட்பது ரெக்வெஸ்ட், அது கிடைப்பது கிராண்ட், சிப்பின் ஒரு துடிப்பு ஒரு கிளாக் சைக்கிள். டூல் பச்சை டிக் காட்டுகிறது: நிரூபணம் ஆயிற்று. அனுபவமுள்ளவர் அந்த டிக்கை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. உள்ளீடுகளுக்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று கூடுதல் இறுக்கமாக இருந்து, அதனால் ரெக்வெஸ்ட் என்பது வரவே முடியாத நிலை ஏற்பட்டிருந்தாலும் இதே டிக் வரும். வராத ரெக்வெஸ்ட்டுக்கு எந்த வாக்குறுதியும் மீறப்படுவதில்லையே. இதை வேக்குவஸ் பாஸ், அதாவது வெறுமையான தேர்ச்சி, என்கிறார்கள். வடிவம் சரி, முன்கூற்றுகளோ உலகத்தோடு ஒட்டவில்லை.

அதனால் இரண்டு வேலை கூடவே நடக்கிறது. ரெக்வெஸ்ட் உண்மையில் வரும் ஒரு நிலையைக் காட்டு என்று கேட்கும், கவர் எனப்படும் சோதனை வரி ஒன்றைத் தனியாக எழுதுவார்கள். டூல் அப்படி ஒரு அலைவடிவத்தைக் காட்டாவிட்டால் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். பிறகு வடிவமைப்பின் ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்து, மூன்று சைக்கிளை நான்காக்கி, மறுபடி ஓட்டுவார்கள். அப்போது சிவப்பு வரவேண்டும். அப்போதும் பச்சையே வந்தால் பண்பை அழித்துவிட்டு முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்குவார்கள்.